டயர்க் கம்பெனிகளுக்கும் ஒரு ஆத்மா உண்டு

2023 ஜூன் 13-ஆம் தேதி, தடிக்காரன்கோணத்துக்கு மேலே ரப்பர் விளையைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எம்.ஆர்.எஃப். கம்பெனியின் ஒரு பங்கு விலை ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டுவிட்டதாம். இந்தியாவில் அதுவரைக்கும் எந்தக் கம்பெனிப் பங்கும் தொடாத விலை. நாகர்கோவிலில் காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் பெரிய சந்தோஷமாகச் சொன்னான்: "ஒத்தப் பங்கு ஒரு லெட்சம்லா, மாமா!"

எனக்குப் பால்வெட்டுகிற அண்ணாச்சியும் பெஞ்சில் இருந்தார். அறுபது வயசு தாண்டியாச்சு. கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஒரு லெச்சம்னா, எத்தன கிலோ ஷீட்டு மக்கா?"

பையன் போனை எடுத்துக் கணக்குப் போட்டான். அன்றைக்கு ஷீட் விலை கிலோவுக்கு 155 ரூபாய் சொச்சம். வகுத்தால் 645 கிலோ வருகிறது.

நம்ம பக்கம் ஒரு ஏக்கர் ரப்பரில் நல்லா வெட்டினால் வருசத்துக்கு அறுநூறு கிலோ வரும். அதுவும் மழை விட்டு, இலை உதிர்கிற மாசம் போக, வெட்டு முடங்காமல் இருந்தால்தான். ஆக, ஒரு ஏக்கரில் ஒரு வருசம் முழுக்க வெட்டி, ஆசிட் ஊற்றி, ரோலரில் அடித்து, புகையில் போட்டு எடுத்த ஷீட் மொத்தத்தையும் விற்றாலும், அந்த ரப்பரை வைத்து டயர் செய்கிற கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வாங்க முடியாது. கூலி, உரம், பிளாஸ்டிக் செலவெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சி மட்டும் "கொள்ளாம்" என்றார்.

இதைப் படித்துவிட்டு "பொறாமையில் எழுதுகேரு" என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கு விலை ஒரு லட்சம் ஆனது பாவம் இல்லை. அந்தக் கம்பெனி பல வருசமாகப் பங்கைப் பிரித்துச் சின்னதாக்கவில்லை, அதனால் ஒத்தப் பங்கு பெரிசாகத் தெரிகிறது. அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. நம்ம பழைய திருவிதாங்கூர்க்காரர்தான். 1938-இல் அவங்க குடும்பத்து பேங்க் மூடி, அப்பா ஜெயிலுக்குப் போய், குடும்பமே நொடித்துப்போன பிறகு, 1946-இல் சென்னையில் பிள்ளைகள் ஊதுகிற பலூன் செய்து விற்க ஆரம்பித்தவர். பலூனில் இருந்து டயருக்கு வந்த மனுசனை மதிக்கத்தான் வேண்டும்.

லாபம் என்பதும் கெட்ட வார்த்தை இல்லை. ஓணம் நெருங்கும்போது வாழைக்குலையை வெட்டாமல் இரண்டு நாள் பிடித்து வைத்து நல்ல விலைக்கு விற்பவன்தான் நானும். லாபம் வேண்டாம் என்று எந்த விவசாயியும் நாற்று நட்டது கிடையாது.

பிறகு என்ன உமக்குப் பிரச்சினை என்றால், சொல்லுகிறேன்.

ரப்பர் விலை எப்படி நம்மிடம் வந்து சேருகிறது என்று தெரியாதவர்களுக்கு: தினமும் கோட்டயத்து விலை ஒன்று வரும். அது ஆர்.எஸ்.எஸ். 4 என்கிற தரத்துக்கு. நாம ஷீட்டைக் கொண்டு கடையில் போட்டால், கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இதுல புள்ளி இருக்கு, லாட்டுலதான் போகும்" என்பார். பத்து ரூபாய் குறையும். நாம ஒன்றும் பேச முடியாது. ஏன் போன வாரத்தைவிடக் குறைந்தது என்று கேட்டால், "மார்க்கெட் எறங்கிட்டுல்லா" என்று ஒரே பதில். சீனாக்காரன் வாங்கவில்லை, தாய்லாந்தில் விளைச்சல் கூடிப்போச்சு, கச்சா எண்ணெய் விலை விழுந்து செயற்கை ரப்பர் மலிந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் பொய்யும் இல்லை. 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய்க்குப் போன ஷீட், 2016 பிப்ரவரியில் நூறு ரூபாய்க்கும் கீழே வந்தது. அந்த வருசம் மரத்தை வெட்டாமல் விட்டவர்கள் எத்தனை பேர்! வெட்டுக்கூலிக்கே காணாது என்று ஏக்கர் கணக்கில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது ராத்திரியோடு ராத்திரியாக எத்தனை விளையில் மரம் சாய்ந்தது என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். என் விளையிலும் சாய்ந்தது. காற்றைப் பிடித்து யாரும் கேள்வி கேட்க முடியாது, அழுதுவிட்டு அடுத்த கன்றை வைத்தோம். மார்க்கெட்டையும் இந்தக் காற்று மாதிரியே நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். அது யாரும் செய்வது இல்லையாம், தானாக நடப்பதாம். ஆதார விலை கேட்டால், "மார்க்கெட்டுல கைய வைக்கப்பிடாது, கெட்டுப்போவும்" என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசு 2015-இல் இருந்து சிறு விவசாயிக்கு 150 ரூபாய் உறுதி செய்து, குறைகிற தொகையை பேங்கில் போட்டது. 2021-இல் அதை 170 ஆக்கியது. அங்கேயும் மார்க்கெட் கெட்டுப்போகவில்லை. இந்தப் பக்கம் நமக்கு அதுவும் இல்லை.

2012-இல் என் மச்சினன் ஒரு பழைய லாரி வைத்திருந்தான். செங்கல், எம்-சாண்ட் எல்லாம் அடிப்பான். டயர் மாற்றப் போய்விட்டு வந்து என்னிடம் சண்டைக்கு நின்றான்: "அத்தான், ஒங்க ரப்பர் வெல எறங்கிட்டு எறங்கிட்டுன்னு வருசம் பூரா பொலம்புகியோ. டயர் வெல மட்டும் ஏன் எறங்கல்ல? ரப்பர் ஏறினப்போ, ரப்பர் ஏறிட்டுன்னு சொல்லி ஏத்தினானுவோல்லா? நாலு கம்பெனி டயர் வெல கேட்டாச்சு. நாலும் ஏகதேசம் ஒண்ணுதான்."

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது மார்க்கெட்டு மாப்ளே" என்றேன். கடைக்காரர் என்னிடம் சொன்னதையே நான் அவனிடம் சொன்னேன்.

அவன் கேட்ட கேள்வியை அதே காலத்தில் வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். டயர் விற்கிற கடைக்காரர்களின் அகில இந்திய சங்கம் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. அமைச்சகம் அதை இந்தியப் போட்டி ஆணையத்துக்கு அனுப்பியது. போட்டி ஆணையம் என்பது 2002-ஆம் வருசச் சட்டத்தின்படி அமைந்தது. வியாபாரத்தில் போட்டியாக இருக்க வேண்டியவர்கள் திரைமறைவில் கூட்டு சேர்ந்து விலை வைக்கிறார்களா என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று.

விசாரணை முடிந்து 2018 ஆகஸ்ட் 31-இல் ஆணையம் உத்தரவு போட்டது. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, ஜே.கே. டயர், சியட், பிர்லா டயர்ஸ் ஆகிய ஐந்து கம்பெனிகளும் 2011-12 காலத்தில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாற்றுவதற்காகக் கடையில் விற்கிற கிராஸ்பிளை டயர்களுக்கு, கூடிப் பேசி விலையை ஏற்றின என்று முடிவு சொன்னது. நம்ம லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்லுகிற சாதனம்தான் அது. வெளியில் சொல்லக்கூடாத விலைத் தகவல்களை ஒருத்தருக்கொருத்தர் பகிர்ந்துகொண்டார்கள் என்றும், அதற்கு மேடையாக இருந்தது அவர்களுடைய சங்கம் என்றும் ஆணையம் சொன்னது.

அந்தச் சங்கத்தின் பெயர் ஆட்டோமோட்டிவ் டயர் மேனுபேக்சரர்ஸ் அசோசியேஷன். இங்கிலீஷில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஆத்மா' என்று வருகிறது. நான் வைத்த பேர் இல்லை, அவங்களே வைத்ததுதான். கம்பெனிக்கு ஆத்மா கிடையாது என்று யாராவது சொன்னால் இனிமேல் நம்பாதீர்கள். ஐந்து கம்பெனிக்கும் சேர்த்து ஒரே ஆத்மா இருந்திருக்கிறது. அதுக்குள்ளே என்ன நடந்தது என்பதுதான் கேஸ்.

அபராதம்: எம்.ஆர்.எஃப்.க்கு 622 கோடி, அப்பல்லோவுக்கு 425 கோடி, ஜே.கே. டயருக்கு 309 கோடி, சியட்டுக்கு 252 கோடி, பிர்லாவுக்கு 178 கோடி. சில்லறை எல்லாம் சேர்த்து மொத்தம் 1,788 கோடி. ஆத்மாவுக்கு 8.4 லட்சம்.

இந்த உத்தரவை நாம எப்போது படித்தோம்? 2018-இல் இல்லை. எம்.ஆர்.எஃப். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்ததால் உத்தரவை சீல் வைத்த கவரில் போட்டு வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளி, அதே மாசம் உச்ச நீதிமன்றமும் தள்ளிய பிறகு, பிப்ரவரி 2-ஆம் தேதிதான் வெளியே வந்தது. தப்பு என்று சொன்ன காலத்தில் இருந்து பத்து வருசம். என் மச்சினன் அதற்குள் லாரியை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்துவிட்டான்.

அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கம்பெனிகள் நாங்க தப்பு செய்யவில்லை என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. 2022 டிசம்பரில் தீர்ப்பாயம், கணக்கீட்டில் பிழைகள் இருக்கின்றன, திரும்பவும் பாருங்கள் என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. தப்பு நடந்தது உறுதியானாலும், உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றும் விதத்தில் அபராதத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லியிருக்கிறது. அதனால் 2023-இல் சட்டப்படி இது முடியாத கேஸ். அவர்கள் குற்றவாளிகள் என்று அதுவரை கடைசித் தீர்ப்பு வரவில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கேஸ் டயர் விற்ற விலையைப் பற்றியது. நம்ம ஷீட் விலையை அவர்கள் கூடிப் பேசி இறக்கினார்கள் என்று ஆணையம் எங்கேயும் சொல்லவில்லை. இல்லாததை இருப்பதாகச் சொன்னால் என் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம்லா? உள்நாட்டுத் தொழில் என்றால் யார்? இந்தியாவில் விளைகிற ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நம்மை மாதிரி சிறு விவசாயிகளின் விளையில் இருந்து வருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டயருக்குத்தான் போகிறது. விடியக்காலம் மூணு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடுகிறவர் உள்நாட்டுத் தொழில் இல்லையா? ஷீட் விலை 240-இல் இருந்து நூறுக்குக் கீழே விழுந்த ஐந்து வருசத்தில், உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்தத் தீர்ப்பாயம் நமக்காகச் சொன்னது? நமக்கு மார்க்கெட். அவர்களுக்குக் காப்பு.

என் கோபம் இதுதான், பாத்துக்கிடுங்க. விற்க வருகிறவனிடம் மார்க்கெட்டைக் காட்டுவதும், தான் விற்கும்போது மார்க்கெட்டை மடித்துப் பைக்குள் வைப்பதும் ஒரே ஆள் செய்தால் அதுக்குப் பேர் லாபம் இல்லை. உள்ளூர் விலை கொஞ்சம் ஏறினால், ஏற்றுமதி டயருக்கு என்று வரியில்லாமல் வெளிநாட்டு ரப்பர் இறக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. அது சட்டப்படி சரி. போட்டி இருந்தால் விலை இறங்கும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் நமக்குச் சொன்ன பாடம். சரி, தாங்கினோம். ஆனால் அதே போட்டி தன் வாசலுக்கு வரும்போது நாலு பேரோடு உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டால், அவர்கள் நமக்குச் சொன்னது பாடமா, ஏமாற்றா?

லாபத்துக்காக வாதாடுகிறவர்களே இதை ஒத்துக்கொள்வதில்லை. மில்டன் ஃபிரீட்மன் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர். கம்பெனியின் ஒரே பொறுப்பு லாபத்தைக் கூட்டுவதுதான் என்று 1970-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதி, உலகம் முழுக்க முதலாளிகள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆள். அவரே அதில் ஒரு நிபந்தனை வைத்தார்: ஆட்டத்தின் விதிகளுக்குள் நிற்க வேண்டும், திறந்த போட்டியில் நிற்க வேண்டும், ஏமாற்று கூடாது. அவருக்கு இருநூறு வருசம் முன்னே, 1776-இல், ஆடம் ஸ்மித்தும் எச்சரித்தார்: ஒரே தொழில் செய்கிறவர்கள் சும்மா விருந்துக்குக் கூடினாலும் பேச்சு கடைசியில் விலையை ஏற்றுவதில் போய் முடியும் என்று. கம்யூனிஸ்டு சொன்னதை எடுத்துப் போடுகிறேன் என்று யாரும் சொல்லவேண்டாம். லாபக் கட்சியின் பெரியவர்கள் சொன்னதுதான் இது.

என் பாட்டா காலத்தில் நெல் வாங்க வரும் வியாபாரி ஒருத்தர் தன் சொந்த மரக்காலைக் கொண்டு வருவாராம். வெளியில் பார்த்தால் சரியாக இருக்கும். உள்ளே கொஞ்சம் குடைந்து வைத்திருந்தார். கும்பப்பூ அறுப்பில் ஒரு நாள், களத்தில் நாலு பேர் நிற்கும்போது, பாட்டா வீட்டு மரக்காலை எடுத்துவரச் சொல்லி அதில் அளந்த நெல்லை வியாபாரி மரக்காலில் கொட்டிக் காட்டினார். தலை தட்டாமல் கிடந்தது. பாட்டா ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அந்த மனுசனும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பூவுக்கு வந்தார். மரக்கால் கொண்டுவரவில்லை.

நம்ம ஊரில் யோக்கியர்கள் மட்டும் இருந்தார்கள் என்று கதை விடவில்லை. குடைந்த மரக்கால் நம்ம ஊரிலும் இருந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற கைக்கு ஒரு முகம் இருந்தது. அடுத்த நாள் அதே முகம் குளத்தில் குளிக்க வரணும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரணும். கம்பெனிக்கு அது கிடையாது. ஆணையத்தின் உத்தரவில் சில அதிகாரிகளையும் பொறுப்பாளிகள் என்று சொல்லியிருக்கிறது. நாளைக்கு அவர்கள் நம்ம பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் நமக்குத் தெரியாது. அபராதம் கடைசிவரை நின்றால்கூட அது கம்பெனிக் கணக்கில் ஒரு வரி. கூடிப் பேசின ஆளின் வீட்டு அரிசிப்பானையில் ஒரு பிடி குறையாது.

அமெரிக்காவில் ஏ.டி.எம். என்று பெரிய தானியக் கம்பெனி. கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் சேர்க்கிற லைசின் என்கிற சாதனத்துக்கு ஜப்பான், கொரியாக் கம்பெனிகளோடு கூடிப் பேசி விலை வைத்து மாட்டிக்கொண்டது. 1996-இல் அதுக்கு 7 கோடி டாலர் அபராதம். அதோடு விடவில்லை, மேலதிகாரிகளை ஜெயிலுக்கும் அனுப்பினார்கள். முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே இது குற்றம். நம்ம நாட்டில் கூடி விலை வைப்பதற்கு ஜெயில் கிடையாது, அபராதம் மட்டும்தான். என் விளையில் சிரட்டையில் கிடக்கிற ஒட்டுப்பாலை ஒருத்தன் அள்ளிக்கொண்டு போனால் போலீஸ் ஸ்டேஷனில் அவனைத் தரையில் உட்கார வைப்பார்கள். அதன் விலை இருநூறு ரூபாய் இருக்கும்.

இத்தனையும் எழுதிவிட்டு, ஒரு விஷயத்தை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை.

2011-இல், ஷீட் 240-க்குப் போன அந்த நாட்களில், அண்ணாச்சி என்னிடம் வந்து கேட்டார்: "மரத்துக்கு ஒரு ரூவால வெட்டுகேன். வெலவாசி ஏறிட்டுல்லா. ஒண்ணர ரூவா ஆக்கித் தாங்க." எனக்கு அப்போது 250 மரம். ஒரு வெட்டுக்கு ஆறரைக் கிலோ ஷீட் கிடைக்கும். இரண்டு வருசத்துக்கு முன்னே நூறு ரூபாய்க்குப் போனபோது 650 ரூபாய் வந்த இடத்தில் இப்போது 1,560 வருகிறது. 910 ரூபாய் கூடுதல். அவர் கேட்டது 125 ரூபாய்.

நான் யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அன்று சாயங்காலம் இதே டீக்கடையில், பக்கத்து விளைக்காரர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து பேசினோம். "ஒருத்தர் ஏத்திக் குடுத்தா எல்லாருக்கும் தலவலி. யாரும் ஒண்ணே கால் ரூவாய்க்கு மேல குடுக்கப்பிடாது" என்று ஒருத்தர் சொன்னார். "ஒண்ணு பத்து போதும்" என்று இன்னொருத்தர். சரி என்று எழுந்தோம். கதவு சாத்தவில்லை, கையெழுத்து போடவில்லை, பாவம் செய்கிறோம் என்று ஒரு எண்ணமும் எனக்கு வரவில்லை. புத்திசாலித்தனமான காரியம் என்றுதான் இருந்தது. மறுநாள் அவரிடம், "எல்லாரும் ஒண்ணு பத்துதான் குடுக்காவ, அண்ணாச்சி. அதான் மார்க்கெட்டு" என்றேன்.

910-இல் 25 ரூபாய் கொடுத்தேன்.

2022-இல் அந்த உத்தரவைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மச்சினனின் லாரி இல்லை. இந்த டீக்கடை பெஞ்சுதான். ஐந்து கம்பெனி, ஐந்து விளைக்காரர்கள். நாங்களும் ஒரு ஆத்மாவாகத்தான் இருந்தோம்.

அப்போ எங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். மனசில் பெரிய வித்தியாசம் இல்லை. சந்தர்ப்பம் கிடைத்தால் மனுசன் கூடி விலை வைப்பான். எங்கள் ஏற்பாடு ஒரு வருசம்கூட நிற்கவில்லை. பால்வெட்டுக்காரர்கள் பாதிப்பேர் கேரளாவுக்கு வெட்டப் போனார்கள், எங்களில் ஒருத்தர் ரகசியமாக ஒன்றரை கொடுத்தார், பிறகு எல்லாரும் கொடுத்தோம். அதோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அண்ணாச்சி முகத்தை நான் பார்த்தாக வேண்டும். எங்களைத் திருத்தியது எங்கள் மனசாட்சி இல்லை. தப்பிக்க முடியாத பக்கமும், போட்டியும்தான். கம்பெனிக்கு இந்த இரண்டும் கிடையாது. முகம் பார்க்க வேண்டாம், ஐந்து பேர் சேர்ந்தால் போட்டியும் இல்லை. அதனால் அங்கே அந்த முகமாக நிற்க வேண்டியது சட்டம். அந்தச் சட்டம் மூன்றரை வருசம் சீல் வைத்த கவருக்குள் கிடந்தால், பிறகு கணக்கு சரியில்லை என்று திரும்பிப் போனால், குடைந்த மரக்காலை யார்தான் கீழே வைப்பார்?

கம்பெனிகள் நல்லவர்களாக மாறணும் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்து போட்டோ எடுக்கும் தர்மமும் நமக்கு வேண்டாம். கூடி விலை வைத்த கேஸ் இரண்டு வருசத்துக்குள் முடியணும். கூடிப் பேசின ஆளுக்கு ஜெயில் இருக்கணும். அபராதத்தில் ஒரு பங்காவது, அந்த விலையைக் கொடுத்த லாரிக்காரனுக்குத் திரும்பி வரணும். மார்க்கெட் என்று ஒன்று உண்டென்றால் அது வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரே மார்க்கெட்டாக இருக்கணும். இவ்வளவுதான். இதில் எது தப்பு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு டீக்கடையில் இருந்து இறங்கி வரும்போது அண்ணாச்சியிடம் ஒரு ஏற்பாடு சொன்னேன். இப்போது மரத்துக்கு இரண்டு ரூபாய் கொடுக்கிறேன். இனிமேல் ஷீட் விலை 150-க்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் மரத்துக்குப் பத்து பைசா கூடும். விலை இறங்கினால் இரண்டு ரூபாய்க்குக் கீழே போகாது. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "வாயாலயா, எழுத்துலயா?"

எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு.